ஷாக் அப்சார்பரைத் தாங்கும் தகடு

திண்டிவனத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டையைக் காண வருகிற யாத்திரிகர்களும், அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மனைத் தரிசிக்கக் குடும்பத்தோடு புறப்படுகிறவர்களும், நெல்லையும் மணிலாவையும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுவருகிற சுற்றுக் கிராமத்து விவசாயிகளும் இடைவிடாமல் வந்து கலக்கிற பட்டணம் செஞ்சி. இங்கே புதிய கார்களுக்குக் குறைவில்லை. ஆயினும், தகப்பனார் காலத்தில் வாங்கிய அம்பாசடரையோ, பிரீமியர் பத்மினியையோ, முதல் தலைமுறை மாருதியையோ விற்க மனமில்லாமல் வைத்துக் காப்பாற்றி வருகிறவர்கள் இந்த வட்டாரத்தில் இன்னமும் இருக்கிறார்கள். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் அவர்கள் செலுத்துகிற கவனத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பெறாமல், வண்டியின் பின்புறத்தில், டிக்கித் தரைக்கும் சக்கர வளைவுக்கும் நடுவே மறைந்து கிடக்கிற ஓர் இடத்தைப் பற்றியே இங்கு சொல்லப் புகுகிறேன். பின்பக்கத்து ஷாக் அப்சார்பரின் தலை வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிற இடம் அது.

அந்த இடத்தின் முக்கியத்துவம் விளங்க வேண்டுமானால், ஷாக் அப்சார்பர் என்ன காரியம் செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளத்தில் விழுந்த சக்கரத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். அம்பாசடரிலும் பத்மினியிலும் பின்பக்கத்தில் அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளால் ஆனது. ஆனால் வாங்கிய சக்தியை வைத்துக்கொள்ளும் ஸ்வபாவம் ஸ்பிரிங்குக்கு இல்லை. அழுத்தியது விலகியவுடன் அது அந்தச் சக்தியைத் திருப்பித் தந்துவிடுகிறது. வண்டி மேலே எழும்புகிறது, மறுபடி அமுங்குகிறது, மறுபடி எழும்புகிறது. இந்த ஆட்டத்தை அடக்குவதற்காகவே, எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் ஒரு பிஸ்டனை வைத்து, அதிலுள்ள நுண்ணிய துவாரங்களின் வழியே எண்ணெய் சிரமப்பட்டுப் புகுந்து வெளியேறும்படி செய்திருக்கிறார்கள். ஆட்டத்தின் சக்தி அங்கே உஷ்ணமாக மாறிக் கரைந்துபோகிறது. கரடுமுரடான சாலையில் நெடுந்தூரம் ஓடி நின்ற வண்டியின் ஷாக்கைத் தொட்டுப் பார்த்தால் அது சுட்டிருப்பது தெரியும். இன்னொரு விசேஷமும் உண்டு. பெரும்பாலான ஷாக் அப்சார்பர்கள் அமுங்கும்போது காட்டுகிற எதிர்ப்பைவிட நீளும்போது காட்டுகிற எதிர்ப்பு அதிகம். ஆகவே அதன் தலையைப் பிடித்திருக்கும் தகடு மேல்நோக்கித் தள்ளப்படுவதைக் காட்டிலும் கீழ்நோக்கி இழுக்கப்படுவதையே மிகுதியாகத் தாங்க வேண்டியிருக்கிறது.

சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961 முதல் செய்த ஹெரால்டு காரில், உடலுக்கு அடியில் தனியான இரும்புச் சட்டம் உண்டு. சக்கரத்தின் பாரமும் இழுப்பும் அந்தச் சட்டத்தையே போய்ச் சேர்ந்தன. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை வங்காளத்து உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசடருக்கோ, பம்பாயில் செய்யப்பட்ட பத்மினிக்கோ, மாருதிக்கோ அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை மடித்தும் வளைத்தும் ஒன்றோடொன்று வெல்டு செய்து, உடலையே சட்டமாக ஆக்கியிருக்கிறார்கள். கனத்தைக் குறைத்துப் பலத்தைக் காக்கிற மிகச் சாமர்த்தியமான முறை இது என்பதில் ஐயமில்லை. எனினும் ஓர் இடத்தில் குவிகிற இழுப்பை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமுள்ள தகடுகளே சுமக்க வேண்டும் என்னும் நிர்ப்பந்தமும் அதனோடு கூடவே வந்தது. தொழிற்சாலையில் அவ்விடத்தில் இரட்டைத் தகடு வைத்தும் மடிப்புக் கொடுத்தும் பலப்படுத்தினார்கள். முப்பது ஆண்டு ஓட்டத்துக்கும் மழைக்கும் பிறகு அந்தப் பலத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே கேள்வி.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். நிதானமாகப் போனால் முக்கால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக ஒரு காரின் உடல் தன் ஸ்பிரிங்கின்மேல் விநாடிக்கு ஒரு தடவையோ, சற்று அதிகமாகவோ ஆடும் இயல்புடையது. ஆகவே அந்தச் சிறு பிரயாணத்திலேயே ஏறக்குறைய மூவாயிரம் தடவை அந்தத் தகடு இழுபடக் கூடும். சாலை கெட்டிருந்தால் சக்கரமும் ஆக்சிலும் தனியே விநாடிக்குப் பத்துத் தடவை வரையில் துடிக்கும். அந்தத் துடிப்பும் இதன் தலையிலேயே விழும். ஒரே ஒரு முறை இழுத்தால் தகட்டுக்கு எந்தக் கேடும் வராத விசையானது, லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப இழுக்கும்போது அதைக் கிழித்துவிடுகிறது என்னும் உண்மையை மனிதர்கள் பெரும் உயிர்ச்சேதத்துக்குப் பிறகே அறிந்துகொண்டார்கள். 1842-ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரத்துக்கு அருகே, வெர்ஸேல்ஸிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ரெயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, வண்டிகள் தீப்பற்றிப் பலர் மாண்டார்கள். அதன் பின்னர் ஜெர்மனி தேசத்து ரெயில்வே எஞ்சினீயரான ஆகஸ்ட் வோலர், அச்சுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்து, எஃகு எவ்வளவு விசையை எத்தனை முறை தாங்கும் என்பதைக் கணக்கிட்டார். விசை ஓர் எல்லைக்குக் கீழே இருந்துவிட்டால் எஃகு ஏறக்குறைய முடிவில்லாமல் உழைக்கும் என்பதும், அந்த எல்லையைச் சிறிது தாண்டினாலும் அதன் ஆயுள் வெகு வேகமாகக் குறைந்துவிடும் என்பதும் அவருடைய ஆராய்ச்சியால் விளங்கின.

இங்கிலாந்தில் இங்லிஸ் என்னும் பேராசிரியர் 1913-ல் காட்டிய கணக்கும் இதோடு சேர்த்து அறியத்தக்கது. ஒரு தகட்டில் வட்டமான துவாரம் இருந்தால், அதன் விளிம்பில் சுற்றுப்புறத்தைப் போல மூன்று மடங்கு விசை சேரும். துவாரம் நீண்டு, அதன் முனை கூர்மையாக ஆக ஆக அந்த விசை பன்மடங்காகப் பெருகும். தகட்டில் விழுகிற விரிசலின் முனையைவிடக் கூர்மையானது வேறில்லை. ஆகவே விரிசல் என்பது ஒரு முறை பிறந்துவிட்டால் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். ஷாக்கின் போல்ட்டு நுழைகிற துவாரமும், தகடு திடீரென்று மடிகிற மூலையும், பழைய வெல்டின் ஓரமும் விரிசல் பிறக்க ஏற்ற ஸ்தானங்கள். 1954-ல் கோமெட் ஆகாய விமானங்கள் வானிலேயே சிதறி விழுந்ததற்கும், துவாரங்களின் ஓரத்தில் பிறந்து வளர்ந்த இத்தகைய விரிசல்களே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

ஆயினும் எல்லாவற்றையும் காலத்தின்மேல் சுமத்திவிடுவது நியாயமாகாது. வண்டிக்கு நாம் செய்கிற சில காரியங்களே அந்தத் தகட்டுக்கு எமனாக முடிகின்றன. பின்பக்கம் தாழ்ந்துவிட்டது, ஆள் ஏறினால் இடிக்கிறது என்று, ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போடச் சொல்லி வாங்கிவருகிறோம். வண்டியின் பின்பாகம் உயர்ந்து நிற்கிறது. பார்வைக்கு மிடுக்காகவும் இருக்கிறது. ஆனால் ஷாக் அப்சார்பரின் நீளம் மாறவில்லையே! காலியாக ஓடும்போது அது ஏற்கெனவே ஏறக்குறைய முழுவதும் நீண்டுவிட்டது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியவுடன் எஞ்சியிருந்த சிறு இடைவெளியும் தீர்ந்துபோய், ஆக்சிலின் முழுப் பாரமும் ஷாக்கின் தலையில் தொங்குகிறது. எண்ணெயின் மெதுவான எதிர்ப்பு இருந்த இடத்தில் இப்போது சுத்தியல் அடி போன்ற இழுப்பு விழுகிறது. இதற்கு நேர்மாறாக, பட்டைகள் தளர்ந்து வண்டி மிகவும் தாழ்ந்துவிட்டாலும், ஷாக் அடிவரை அமுங்கித் தகட்டைக் கீழிருந்து குத்துகிறது. வேறு வண்டியின் ஷாக் விலை மலிவாகக் கிடைக்கிறதென்றோ, இன்னும் விறைப்பாக இருக்குமென்றோ வாங்கிப் பொருத்துவதிலும் இதே விபரீதம் உண்டு. இவற்றோடு, தலையிலுள்ள ரப்பர் புஷ் காய்ந்து தேய்ந்து உதிர்ந்துபோனால் இரும்பு இரும்போடு மோதும். துவாரம் நீள்வட்டமாகத் தேயும். டிக்கி ரப்பர் பழுதாகி மழைநீர் உள்ளே இறங்கினாலோ, சக்கரம் வாரி அடித்த சேறு அடியில் அப்பிக்கொண்டு மாதக்கணக்கில் ஈரம் காத்தாலோ, துரு தகட்டைப் பாதியாகத் தின்றுவிடும். தகடு பாதியாகும்போது விசை இரட்டிக்கிறது. வோலர் கண்ட எல்லையை அது அப்போது தாண்டிவிடுகிறது.

இந்த நோயின் முதல் அடையாளம் சப்தம். வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது பின்பக்கத்தில் ஒரு புறமாக ‘டொக்’ என்று கேட்கும். ஷாக்கு போய்விட்டது என்று தீர்மானித்து, புதிதாக ஒரு ஜோடி வாங்கி மாட்டுகிறார்கள். சப்தம் சில நாள் தணிந்தாற்போல் இருந்து மறுபடி கிளம்புகிறது. அனுபவமுள்ள மெக்கானிக் அப்போதுதான் டிக்கியில் உள்ளதையெல்லாம் இறக்கச் சொல்லி, விரிப்பை விலக்கி, விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, ஷாக்குல ஒண்ணும் இல்ல, அத புடிச்சிருக்கிற எடந்தான் விட்டுருக்கு” என்று சொல்லுவார். அவர் பார்ப்பது என்ன? பெயிண்டின்மேல் மயிரிழை போல ஓடுகிற சிவந்த துருக்கோடு. போல்ட்டைச் சுற்றித் தகடு குழிந்தோ மேலெழும்பியோ இருப்பது. ஒருவர் பின்பம்பரை அழுத்தி அழுத்தி விடும்போது, போல்ட்டுத் தலையின்மேல் வைத்த விரலுக்குத் தெரிகிற அசைவு. சுத்தியால் லேசாகத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும்; துருவேறியது மொத்தென்று சொல்லும். ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் அழுத்திப் பார்க்கத் தயங்கக் கூடாது. அது உள்ளே இறங்கிவிட்டால் அங்கே தகடு இருந்ததாகச் சொல்வது பெயரளவுக்குத்தான். பின்டயர் ஒரே சீராகத் தேயாமல் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருப்பதும், வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்பாகம் தாமதித்து அசைவதும் கவனிக்கத்தக்க குறிகளே. அத்தகைய வண்டியில் சக்கரம் தரையை விட்டுவிட்டு எழும்புகிறது. எழும்பிய சக்கரத்துக்குப் பிரேக் இருந்தும் பயனில்லை. அபாயம் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கேட்டுக்கு வழக்கமாகச் செய்யப்படுகிற பரிகாரம் இரண்டு. விரிசலின்மேல் அப்படியே வெல்டு வைத்து, பட்டி பூசி, பெயிண்டு அடித்து அனுப்பிவிடுவது ஒன்று. வெல்டின் சூட்டினால் அருகிலுள்ள தகட்டின் தன்மை மாறிவிடுகிறது. துருப்பிடித்த மெல்லிய தகடும் அப்படியே நிற்கிறது. ஆகவே பழைய விரிசலுக்குப் பக்கத்திலேயே புதிய விரிசல் ஓடும். மற்றொன்று, எது நிரந்தரமாக நிற்குமென்று கேட்டு, கால் அங்குல இரும்புப் பட்டையை வெட்டி வைத்து, சுற்றிலும் கனமாக வெல்டு ஓட்டுவது. பலம் வேண்டும் என்னும் எண்ணம் சரியானதே; ஆனால் சிறிதும் வளையாத அந்தப் பட்டையும் எளிதில் வளைகிற பழைய தகடும் சந்திக்கிற ஓரத்தில், வளைவு முழுவதும் ஒரே கோட்டில் குவிகிறது. சில காலம் சென்றபின் அந்தப் பட்டை, தன்னைச் சுற்றியுள்ள தகட்டைச் சதுரமாகக் கிழித்துக்கொண்டு, ஷாக்கோடு சேர்ந்து தனியே ஆடத் தொடங்கும்.

செய்ய வேண்டியது விசையைப் பரப்புவது. செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் ஆலயத்தின் மண்டபங்களில் நம் ஸ்தபதிகள் இந்தத் தத்துவத்தைக் கல்லிலேயே காட்டியிருக்கிறார்கள். தூணின் சிறு தலையின்மேல் உத்திரக் கல்லை நேராக ஏற்றாமல், இரு புறமும் கை நீட்டி, நுனி நோக்கிச் சிறுத்துச் செல்கிற போதிகையை நடுவே வைத்து, பாரத்தை அகலமாக வாங்கித் தூணுக்குள் இறக்கினார்கள். ஷாக்கின் தலைக்கு நாம் வைக்கிற தகடும் போதிகையின் வேலையைச் செய்ய வேண்டும். கனத்தைவிட அகலமே அதன் முதல் லட்சணம்.

மேல்நாட்டிலும் இந்தப் பிரச்சினை புதிதல்ல. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1990களில் செய்த ‘3 சீரீஸ்’ கார்களில், பின் ஷாக்கின் தலை சக்கர வளைவுத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வருவது அவற்றின் சொந்தக்காரர்கள் நன்கு அறிந்த குறை. அதே நிறுவனம் தன் திறந்த கூரை வண்டியான இஸட்-3-க்கென்று செய்த ஒரு மெல்லிய பலத்தகட்டை வாங்கி, தகட்டின் மேற்புறத்தில், ஷாக்கின் பிடியை முடுக்கும் நட்டுகளுக்கு அடியில் வைத்து முடுக்குவது அவர்களிடையே பரவிய உபாயம். கிழியும் முன்பே வைத்துவிட்டால் வெல்டிங்கே தேவைப்படுவதில்லை. நம் அம்பாசடருக்கோ பத்மினிக்கோ அப்படித் தயாராக ஒன்றும் கடையில் கிடைப்பதில்லை. டிங்கரிங் பட்டறையில் கைவேலைக்காரரே அளவெடுத்து வெட்ட வேண்டும். ஆகவே அந்த வேலையின் கிரமத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். வண்டிக்காரர் தாமே செய்யாவிட்டாலும், பக்கத்தில் நின்று பார்க்கும்போது எது சரி, எது தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது ஜாக்கிரதை. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் உடலை நிறுத்தி, ஆக்சிலுக்கும் தனியே முட்டுக் கொடுக்க வேண்டும். ஸ்பிரிங் சுருள் வடிவமாயுள்ள வண்டிகளில், ஆக்சில் ஓர் அளவுக்குமேல் கீழே இறங்காமல் பிடித்திருப்பதே ஷாக்காக இருக்கலாம். முட்டில்லாமல் அதைக் கழற்றினால் சுருள் தெறித்து வரும். பெட்ரோல் டாங்க் பெரும்பாலும் பின்புறத்திலேயே இருப்பதால், வெல்டிங்குக்கு முன் அதைக் கழற்றி வெகுதூரம் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். டாங்க் காலிதானே என்று சொல்லுகிறவர்கள், காலி டாங்கில் நிற்கிற ஆவியே வெடிப்பது என்பதை அறியாதவர்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றி, சீட்டையும் விரிப்பையும் வெளியேற்றி, தண்ணீரும் மணலும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

பெயிண்டையும் பழைய டாம்பரையும் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்தால்தான் விரிசல் எங்கே முடிகிறது என்று தெரியும்; கண்ணுக்குத் தெரிகிற முனையைத் தாண்டியும் அது ஓடியிருக்கும். மெய்யான முனையில் மூன்று மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு துவாரம் போட வேண்டும். கூர்முனை வட்டமாகிவிட்டால், இங்லிஸ் கணக்குப்படி, விரிசலுக்கு மேலே ஓடும் வலிமை குறைந்துவிடுகிறது. அதன்பின் விரிசலை வெல்டு செய்து மட்டமாகத் தேய்க்கலாம். துரு தின்ற பாகத்தை இரக்கமில்லாமல் வெட்டியெறிந்துவிட வேண்டும். பழுதான தகட்டின்மேல் நல்ல தகட்டை வைப்பது வீண் செலவு.

பலத்தகட்டுக்கு 16 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண எஃகுத் தகடு போதுமானது. ஜிங்க் பூசிய தகடு வேண்டாம். வெல்டு செய்யும்போது எழும் அதன் புகை விஷம். தகடு எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்பதே இங்கே புத்தியைச் செலுத்த வேண்டிய விஷயம். தரைத் தகட்டின் நடுவில் அது முடிந்துவிடக் கூடாது. சக்கர வளைவு வந்து சேருகிற மடிப்பு வரையிலோ, அருகிலுள்ள பெட்டிபோன்ற குறுக்கு விட்டம் வரையிலோ நீண்டு, அங்கே தன் ஓரத்தை மடித்துச் சேர வேண்டும். மூலைகள் எல்லாம் வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்களில் மட்டும் வெல்டு ஓட்டாமல், தகட்டில் ஆங்காங்கே எட்டு மில்லிமீட்டர் துவாரங்கள் போட்டு, அவற்றின் வழியே அடித்தகட்டோடு வெல்டை நிரப்பிப் பிணைத்தால், விசை பல இடங்களில் பகிர்ந்து இறங்கும். ஓர வெல்டையும் ஒரே கோடாக இழுக்காமல், ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்புறத்தில் என்று மாற்றி மாற்றி, ஆறவிட்டு வைத்தால் தகடு கோணாது. கரண்ட் வெல்டிங் இத்தனை மெல்லிய தகட்டைச் சுலபமாகத் துளைத்துவிடும், கேஸ் வெல்டிங் அகலமான பரப்பைச் சுடவைத்து நெளித்துவிடும், பட்டறைகளில் சி.ஓ.டூ. என்று வழங்குகிற வெல்டிங்தான் இதற்கு உத்தமம்.

போல்ட்டு பெட்டிபோன்ற விட்டத்தின் ஊடே போகிற வண்டியானால், உள்ளே ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி இரு புறமும் வெல்டு செய்துவிட வேண்டும். இல்லையேல் நட்டை முடுக்க முடுக்கப் பெட்டி நசுங்கும், நசுங்கியது தளரும், தளர்ந்தது ஆடும். ஒரு பக்கம்தான் விட்டிருக்கிறது என்றாலும் மறுபக்கத்தையும் அன்றைக்கே செய்துவிட வேண்டும். அதுவும் அதே ஆண்டுகள் ஓடியதுதானே! வெல்டு முடிந்ததும் இணைப்புகளில் சீலர் வைத்து, ரெட் ஆக்சைடோ நல்ல பிரைமரோ மேலும் கீழும் பூசி, நன்கு உலர்ந்தபின் அடிப்பாகத்துக்குக் காப்புப் பூச்சு கொடுக்கலாம்.

திரும்ப மாட்டும்போது புதிய ரப்பர் புஷ்களும், தொழிற்சாலை வைத்த அளவுக்குக் குறையாத அகல வாஷர்களும் வேண்டும். தலைப்பக்கத்து நட்டை ரப்பர் லேசாகப் பிதுங்கி வாஷரின் விளிம்பை எட்டும் வரையில் முடுக்கினால் போதும். அதற்குமேல் முடுக்கினால் ரப்பர் கிழியும். அடிப்பக்கத்துப் போல்ட்டை வண்டி தன் சக்கரங்களின்மேல் நின்ற பிறகே கடைசியாக முடுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது முடுக்கிவிட்டால், வண்டி இறங்கியவுடன் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிரந்தரமாக வருந்தும். இவ்வளவும் செய்துவிட்டு, கூடுதலாகப் போட்ட பட்டையை அப்படியே விட்டுவைத்தால் பயனில்லை. பட்டைகளைக் கழற்றி, பழைய வளைவுக்குக் கொண்டுவரச் செய்து, வண்டியின் உயரத்தை இயல்பான நிலைக்குத் திருப்பி, அதற்குரிய நீளமுள்ள ஷாக்கையே போட வேண்டும்.

பட்டைகளின் நுனியை உடலோடு பிணைக்கிற ஷேக்கிளின் இடமும் துருவால் சிதைந்திருந்தால், ஷாக்கின் தகட்டை மட்டும் பலப்படுத்தி அந்த வண்டியை ஓட்டுவது தகாது. உடலின் பின்பகுதி முழுவதையும் எடுத்துச் செய்யும்வரை அதை நிறுத்திவைப்பதே முறை. பதினைந்து ஆண்டு நிறைந்து, ஐந்தாண்டுக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கிற சமயத்தில் டிங்கரிங், பெயிண்டிங் என்று பணம் செலவிடுகிறவர்கள், பட்டி பூசுவதற்கு முன் இந்த இடங்களைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பழைய கார் வாங்கப் போகிறவர்களும் பானெட்டைத் திறப்பதற்கு முன் டிக்கியைத் திறக்கட்டும்.

வேலை முடிந்தபின் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை ஒரு முறை சரிபார்க்க வேண்டும். டிக்கிக்குள் அந்தத் தகட்டுக்கு அடிக்கிற பெயிண்டு வெண்மையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கட்டும். புதிதாக ஒரு விரிசல் பிறந்தால் அதன் துருக்கோடு முதல் நாளே கண்ணில் படும். அதன்மேல் விரிப்பை ஒட்டிவிடாமல், கையால் எடுத்துப் பார்க்கும்படி தளர்வாகப் போட்டு, ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு தடவையும் மழை விட்டபின் ஒரு தடவையும் விளக்கைப் பிடித்துப் பார்த்து வந்தால் போதும்.